கறிபாப் மூன்று, ஓட்டம் இல்லை

எனக்குச் சும்மா இருக்க வராது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். சும்மா இருக்க வராதவர்கள் எல்லாம் பிற்காலத்தில் பெரிய ஆளாகி மேடையில் மாலை வாங்குவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நம்பாதீர்கள். பாதிப் பேர் என்னைப் போலத்தான், பத்து வேலையைத் தொடங்கி ஒன்றையும் முடிக்காமல், பதினொன்றாவது வேலைக்குச் சாமான் வாங்கக் கடையில் நின்றுகொண்டிருப்பார்கள்.

இருபத்து மூன்று வயதில் என் அறையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு மூலையில் கீபோர்ட். அதில் மூன்று பாட்டு வாசிப்பேன் (மூன்றும் ஒரே பாட்டு மாதிரிதான் இருக்கிறது என்று அம்மா சொல்வாள்). ஜன்னலில் நான்கு மிளகாய்ச் செடி, நான்கும் கருவாடு. கட்டிலுக்கு அடியில் யோகா பாய், அதன் மேல் பூனை. நாற்காலியில் நான் பின்னிக்கொண்டிருந்த கம்பளி மப்ளர். பாலோவில் விடியற்காலையில் விசிறிக்கே வியர்க்கும். அந்த ஊரில் கம்பளி மப்ளர் யாருக்கு என்று நானும் யோசிக்கவில்லை, கேட்டவர்களுக்கும் பதில் சொல்லவில்லை.

பாலோ என்றால் மலேசியாவில், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு கடைத்தெரு, ஒரு ரயில் நிலையம். ரயில் வந்து நின்று கிளம்பும்போதெல்லாம் ஜன்னலுக்கு ஓடிப் போய்ப் பார்ப்பேன். ஊரே எங்கேயோ போகிறது, நான் மட்டும் இங்கே மப்ளர் பின்னுகிறேன். எங்கேயாவது போக வேண்டும், ஏதாவது ஆக வேண்டும். என்ன ஆக வேண்டும் என்று கேட்டால் மட்டும் கோபம் வரும்.

அப்படி இருக்கும்போதுதான் பக்கத்து டவுனான குளுவாங்கில் ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்தது. சேர்வதற்குச் சில மாதம் இருந்தது, சேர்ந்த பின் காலை ஏழு மணிக்கு கவுண்டரில் இருக்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து அந்த நேரத்துக்குப் போய்ச் சேர பஸ்ஸும் கிடையாது, ரயிலும் கிடையாது. "சொந்தமா வண்டி ஓட்டிட்டு வந்துருவியா?" என்று அந்த டாக்டரம்மா கேட்டார். "வந்துருவேன் டாக்டர்" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். அப்போது என்னிடம் வண்டியும் இல்லை, லைசன்ஸும் இல்லை. வாய் மட்டும் இருந்தது.

லைசன்ஸ் டெஸ்டில் என்னை வீழ்த்தியது மேடு. மேட்டின் பாதியில் காரை நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி ஏற வேண்டும். அவ்வளவுதான். பதினேழு வயதுப் பிள்ளைகள் சூயிங்கம் மென்றுகொண்டே செய்கிறார்கள். நான் கிளட்ச்சை விட்டால் ஒன்று கார் அணைந்து தூங்கிவிடும், இல்லையென்றால் வந்த வழியே பின்னால் இறங்கிப் போய்விடும். முதல் முறை உருண்டது. இரண்டாவது முறையும் உருண்டது. டெஸ்ட் எடுத்த மலாய் அதிகாரி நல்ல மனிதர். "சூபா லாகி, அடெக்" என்று சிரித்தார். மறுபடி முயற்சி பண்ணு தங்கச்சி என்று அர்த்தம். எனக்கு அந்தச் சிரிப்பைப் பிடுங்கிக் கீழே போட்டு மிதிக்க வேண்டும் போல இருந்தது.

அதைவிடக் கொடுமை என் அப்பா. அப்பா செம்பனை ஆலையில் பாய்லர் பார்ப்பவர். முப்பது வருடமாக மோட்டார் சைக்கிள்தான், கார் ஓட்டத் தெரியாது. என் முதல் பெயில் செய்தியை அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே சொல்லி முடித்துவிட்டார். இரண்டாவது பெயிலுக்குச் சாயங்காலம்கூட ஆகவில்லை. மளிகைக் கடையில் சீனி வாங்கப் போனால், கடைக்கார சீனக் கிழவர் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் காலை ஆட்டி அரை கிளட்ச் காட்டுகிறார். மீன் வண்டிக்காரர், "இன்ஜின் சத்தத்தக் கேளுமா, அது உன்கிட்ட பேசும்" என்கிறார். அப்பாவின் கூட்டாளி, லோரி ஓட்டும் மணியம் மாமா, நடு ரோட்டில் லோரியை நிறுத்திவிட்டு, "ஹேண்ட்பிரேக்க மெதுவா விடணும் புள்ள, மெதுவா" என்று கத்துகிறார். பின்னால் ஆறு வண்டி ஹாரன் அடிக்கிறது. நான் பெயிலான கதை பாலோவில் தெரியாத ஒரே ஜீவன் எங்கள் பூனைதான்.

இந்த வெறியில் இருந்தபோது குளுவாங் மண்டபத்தில் ஒரு தன்முனைப்புக் கூட்டத்துக்கு (மோட்டிவேஷன் என்பார்களே, அது) போனேன். பேசியவர் கழுத்துப்பட்டை கட்டியிருந்தார், அதனால் நம்பினேன். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், மூன்று காரியம் செய்தால் மனிதன் புதிதாகப் பிறக்கிறான் என்றார். தினமும் ஒரு நல்ல பழக்கம். தினமும் ஒரு பொழுதுபோக்கு. தினமும் ஒரு சுயபரிசோதனை. அந்தச் சுயபரிசோதனையை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட வேண்டும். இன்று செய்தது என்ன, செய்யாதது என்ன, யாரிடம் எதை மறைத்தேன். "உங்ககிட்ட நீங்க பொய் சொல்லாதீங்க!" என்று மேசையைத் தட்டினார். எனக்குப் புல்லரித்தது.

மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். பழக்கம்: விடிகாலை ஓட்டம். பொழுதுபோக்கு: மப்ளர். சுயபரிசோதனைக்கு பிஸ்கட் டின் ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டேன். சீட்டுக்குத்தான் வீட்டில் ஒரு கட்டு கிடந்ததே! அம்மா தோட்டத்து மாரியம்மன் கோயில் மாதர் குழுவில் இருந்தாள். கோயிலுக்கு அச்சடித்து வந்த இளஞ்சிவப்பு அர்ச்சனைச் சீட்டில் கோயில் பெயர் தப்பாக இருந்ததால், அந்தக் கட்டை மளிகை லிஸ்ட் எழுதிக்கொள் என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டார்கள். மேலே சின்னதாக அம்மன் படம், கீழே பெயரும் நட்சத்திரமும் எழுதக் காலி இடம். அந்தக் காலி இடத்தில் சரண்யா என்று என் பெயரைப் போட்டு, அதன் கீழே என் பாவங்களை எழுத ஆரம்பித்தேன்.

எழுதுவதில் மட்டும் நான் கெட்டி. ஓடினேனோ இல்லையோ, ஓடவில்லை என்று எழுதத் தவறவில்லை. "செய்யாதது: ஓட்டம். மழை." "செய்யாதது: ஓட்டம். மழை இல்லை, சோம்பல்." "செய்யாதது: ஓட்டம். நாய்." (அந்த நாய்க்கு என் இலட்சியத்தைப் பற்றி எப்படியோ தெரிந்திருந்தது.) மடித்து மடித்து டின்னில் போட்டுக்கொண்டே வந்தேன். புதிய மனுஷியாகப் பிறந்துகொண்டிருக்கிறேன் என்றே நம்பினேன்.

முப்பத்து நான்காம் நாள் மூன்றாவது டெஸ்ட். மேடு. பாதியில் நிறுத்தினேன். ஹேண்ட்பிரேக்கை மெதுவாக விட்டேன். இன்ஜின் என்னிடம் பேசியது. என்ன பேசியது என்று கவனிப்பதற்குள் கார் பின்னால் உருண்டது.

"சூபா லாகி, அடெக்."

வெளியே வந்து கூரைக்கடியில் பெஞ்சில் உட்கார்ந்தேன். சரியாக அப்போது போன் அடித்தது. அப்பா. பின்னால் பாய்லர் இரைச்சல், அதற்கு மேல் மணியம் மாமாவின் குரல், "என்னவாம்? என்னவாம் கேளு!"

"என்னா பிள்ள, என்னாச்சு?" என்றார் அப்பா.

நாளைக்குச் சீனி வாங்கப் போவதை நினைத்தேன். மீன் வண்டியை நினைத்தேன்.

"பாஸ்ப்பா" என்றேன்.

அந்தப் பக்கம் அப்பா போட்ட சத்தத்தில் பாய்லரே அடங்கியது போல இருந்தது. "பாஸாம்யா! பாஸாம்!" என்று அவர் யார் யாரிடமோ கத்துவது கேட்டுக்கொண்டே போன் கட்டானது. சரி, போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த டெஸ்டுக்கு அன்றே பதிவு செய்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை கிடைத்தது. கணக்குப் பார்த்தால் என் மண்டலத்தின் நாற்பத்தெட்டாம் நாள். அன்றைக்குப் பாஸ் பண்ணிவிட்டால் பொய் தானாக உண்மை ஆகிவிடும். யாருக்குத் தெரியப் போகிறது? அன்று சாயங்காலம் சீட்டில் மட்டும் எழுதினேன்: "மறைத்தது: மூன்றாவது முறையும் பெயில். அப்பாவுக்குத் தெரியாது."

அதிலிருந்து நான்காம் நாள் வேலை முடிந்து வந்த அப்பாவுக்குப் பின்னால் ஒரு கார் வந்தது. சின்ன வெள்ளைக் கார். பழையதுதான், ஆனால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார்கள். மணியம் மாமா ஓட்டி வந்து வாசலில் நிறுத்தி, சாவியை அப்பாவிடம் கொடுக்க, அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கி என்னிடம் நீட்டினார்.

"கிளினிக்குக்கு இதுலயே போ" என்றார்.

சாவியைக் கீழே போட்டுவிட்டேன். ஆனந்தத்தில் போட்டுவிட்டாள் என்று மணியம் மாமா விளக்கம் சொன்னார். "ஒரு ரவுண்டு எடு புள்ள, பாக்கலாம்!" என்று அவரே கதவையும் திறந்தார். செத்தேன் என்று நினைத்தபோது அப்பாதான் காப்பாற்றினார். "பூஜை போடாம வண்டிய எடுக்கக் கூடாது. வெள்ளிக்கெழம கோயில்ல வச்சுக்குவோம்."

அந்தச் சம்பிரதாயத்தைக் கண்டுபிடித்தவரை அன்றிரவு சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டேன். ஆனால் வெள்ளி என்பது செவ்வாய்க்கு முந்தி வருகிறதே! "செவ்வாய்க்கெழமைக்கு அப்பறம் வச்சுக்கலாமேப்பா" என்று மெல்ல ஆரம்பித்தேன். "வெள்ளிக்கெழம, வளர்பிறை. இதவிட நல்ல நாள் ஒனக்கு எங்க இருக்கு?" என்றார். திட்டத்தை வேறு விரித்தார். அம்மனுக்கு நன்றி அர்ச்சனை, அப்புறம் காருக்குப் பூஜை, நான் எலுமிச்சம்பழத்தின் மேல் காரை ஏற்ற வேண்டும், அப்படியே அம்மாவையும் அப்பாவையும் மணியம் மாமாவையும் ஏற்றிக்கொண்டு குளுவாங்குக்குச் சாப்பிட ஓட்டிப் போக வேண்டும்.

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு நாய்கூடப் படாது. (என்னைத் துரத்திய நாய் உட்பட.) உட்கார்ந்தால் எழ வேண்டும் போல, எழுந்தால் உட்கார வேண்டும் போல. மப்ளர் மட்டும் நாலு முழம் வளர்ந்தது. அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று தினமும் வாசலுக்குப் போவேன். அவர் அந்தக் காரைத் துணியால் துடைத்துக்கொண்டு இருப்பார். "என்னா பிள்ள?" என்பார். "ஒண்ணுமில்லப்பா" என்று திரும்பி வந்து, "செய்யாதது: சொல்லவில்லை" என்று எழுதுவேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு யுக்தி தோன்றியது. கால் சுளுக்கு! கால் சுளுக்கினால் கிளட்ச் மிதிக்க முடியாது. பழைய துணியைக் கிழித்துக் கணுக்காலில் கட்டிக்கொண்டு நொண்டினேன். மத்தியானம் குளித்துவிட்டு வந்து மறுபடி கட்டிக்கொண்டேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எந்தக் காலுடி சுளுக்கு?"

"இதுதாம்மா."

"காலையில அந்தக் கால்ல இருந்துச்சு."

துணியை அவிழ்த்து மூலையில் எறிந்தேன். வேறு வழி தெரியாமல் தட்டில் இருந்த, உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த கறிபாப் மூன்றை ஒன்றன் பின் ஒன்றாகத் தின்றேன். கவலை வந்தால் என் வாய் சும்மா இருக்காது.

ஐந்து மணிக்கு அம்மா ஒரு சீட்டைக் கொடுத்து, அர்ச்சனைக்கு வீட்டார் பெயரும் நட்சத்திரமும் எழுதச் சொன்னாள். எழுதினேன். பேனா கையில் இருக்கும்போதே அன்றைய சுயபரிசோதனையையும் எழுதி முடித்துவிடலாம் என்று தோன்றியது. அதையும் எழுதினேன். இரண்டும் ஒரே இளஞ்சிவப்பு, இரண்டையும் ஒரே மாதிரி மடித்தேன். வெளியே அப்பா, "நேரமாச்சு! நேரமாச்சு!" என்று கத்துகிறார். ஒன்றை டின்னில் போட்டேன், ஒன்றைக் கைப்பையில் போட்டேன். கிளம்பினோம். காரை மணியம் மாமாதான் கோயில் வரைக்கும் ஓட்டி வந்தார்.

கோயிலில் கூட்டம். வெள்ளிக்கிழமைக் கூட்டம் பாதி, அப்பா கூப்பிட்ட கூட்டம் பாதி. மளிகைக் கடைச் சீனக் கிழவர்கூட வாசலில் காரைச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைப்பையிலிருந்து சீட்டை எடுத்து அம்மாவிடம் கொடுக்க, அம்மா தேங்காய் பழத் தட்டில் சீட்டை வைத்து குருக்களிடம் நீட்டினாள். அப்பா, "நீங்க பாருங்க, நான் வண்டிகிட்ட இருக்கேன்" என்று எலுமிச்சம்பழத்தோடு வெளியே போய்விட்டார். கூரைக்கு மேல் குழாய் ஒலிபெருக்கி இருந்ததால் உள்ளே நடப்பது வெளியே துல்லியமாகக் கேட்கும்.

குருக்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. தங்கமான மனிதர். வந்த புதிதில் சீட்டில் ஜெசிக்கா, டார்வின், ஷெர்லி என்று பெயர்களைப் பார்த்து, "இது பேர்தானா?" என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டிருக்கிறார். கேட்கப்பட்டவர்கள் கோபித்துக்கொண்டு நிர்வாகத்தில் புகார் செய்ய, "சாமி, இந்த ஊர்ல எப்படி வேணாலும் பேரு வைப்பாங்க, எழுதியிருக்கறத அப்படியே படிங்க" என்று தலைவர் சொல்லிவிட்டார். அதிலிருந்து அவர் எதையும் கேட்பதில்லை. எழுதியிருப்பதை அப்படியே படித்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் "நாமதேயஸ்ய" (இன்ன பெயருடையவருக்கு என்று அர்த்தம்) என்று இழுத்துப் பாடிவிடுவார். சட்டையில் குத்தவா முடியும், மைக்கைப் பூணூலில் செருகியிருப்பார்.

சீட்டைப் பிரித்தார். கண்களைச் சுருக்கினார்.

"சரண்யா நாமதேயஸ்ய..." என்று ஆரம்பித்தார்.

அப்பா பெயர்தானே முதலில் எழுதினேன் என்று எனக்குள் ஒரு சின்ன இடறல்.

"செய்தது கறிபாப் நாமதேயஸ்ய..."

அது டின்னில் இருக்க வேண்டிய சீட்டு!

"மூன்று நாமதேயஸ்ய... செய்யாதது ஓட்டம் நாமதேயஸ்ய..."

எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். (பழக்க தோஷம்.) நான் கையை நீட்டி, "சாமி, சாமி" என்கிறேன். மணி வேறு அடிக்கிறார்கள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணை இறுக மூடிக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தாள். இந்த நேரத்திலும் எவ்வளவு பக்தி என்று நினைத்தேன்.

"மறைத்தது லைசன்ஸ் டெஸ்ட் நாமதேயஸ்ய... மூன்றாவது முறையும் பெயில் நாமதேயஸ்ய..."

மணி நின்றுவிட்டது. குருக்களுக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். அடுத்த வரியைப் பாட்டு இல்லாமல், பேச்சுக் குரலில், ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"அப்பாவுக்குத்... தெரியாது."

சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஒன்றுமில்லை. தலையை நிமிர்த்தி, மைக் இருப்பதையே மறந்து, ஊருக்கே கேட்கும்படி கேட்டார்.

"அப்பா யாரு? வந்திருக்காரா?"

வாசலில் கூட்டம் விலகியது. கையில் எலுமிச்சம்பழத்தோடு அப்பா வந்து நின்றார்.

"நான்தான் சாமி" என்றார்.

அந்தக் கணத்தில் பூமி பிளக்கவில்லை. பிளந்திருந்தால் முதல் ஆளாகக் குதித்திருப்பேன். அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "அர்ச்சனைய முடிங்க சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். குருக்கள் பாவம், அவசர அவசரமாகத் தீபத்தைக் காட்டினார். நான் பின்னாலேயே ஓடினேன். (நாற்பத்து நான்கு நாளில் நான் ஒழுங்காக ஓடியது அன்றைக்குத்தான்.)

அப்பா கார் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். சுற்றி ஊர். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது பரவாயில்லை போல இருந்தது.

"ஏம்மா பொய் சொன்ன?" என்றார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தாமல் கேட்டதுதான் தாங்கவில்லை. "போன ரெண்டு வாட்டி நான் ஒன்ன திட்டுனனா? ஒரு வார்த்த சொன்னனா?"

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "திட்டல! ஊரெல்லாம் சொன்னீங்க! சீனி வாங்கப் போனா கிளட்ச்சு, மீன் வாங்கப் போனா கிளட்ச்சு! நான் பெயிலுனு ரோட்டுல போறவனுக்குக்கூடத் தெரியும்! எனக்கு மானமே போச்சுப்பா!"

அப்பா உண்மையாகவே திகைத்துப் போனார். கையில் இருந்த எலுமிச்சம்பழத்தை இப்படியும் அப்படியும் உருட்டினார்.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதேம்மா" என்றார். "தெரிஞ்சா நானே சொல்லிக் குடுத்துருப்பேன். தெரிஞ்சவங்ககிட்ட கேட்டாத்தான ஒனக்கு யாராச்சும் வழி சொல்லுவாங்க."

மீன் வண்டிக்காரர், கடைக்காரர், நடுரோட்டில் நின்ற லோரி. ஒவ்வொருவரிடமும் இந்த மனிதர் போய் நின்று கேட்டிருக்கிறார். நானோ அதை, என்னை ஏலம் போட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். சீ என்று ஆகிவிட்டது எனக்கு. "மன்னிச்சிருங்கப்பா" என்று சொல்லிவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதேன்.

"அலமாக்" என்றார் மளிகைக் கடைக் கிழவர். ஐயையோ என்பதற்கு எங்கள் ஊரில் எல்லா இனத்துக்கும் அதுதான் வார்த்தை. எனக்கு ஒரு காகிதக் கைக்குட்டையும் கொடுத்தார். கையோடு, அரை கிளட்ச் என்றால் எவ்வளவு அரை என்பதை இன்னொரு தரம் காலால் செய்து காட்டினார்.

பூஜையைப் பாதியில் விட முடியாது. எலுமிச்சம்பழத்தின் மேல் காரை ஏற்ற மணியம் மாமாவை உட்கார வைத்தார்கள். லோரி ஓட்டுகிற உடம்பு அந்தச் சின்னக் காருக்குள் மடங்கி, முழங்கால் ஸ்டியரிங்கைத் தொட்டது. அப்பா பக்கத்து சீட்டைக் காட்டி, "ஏறு. அவரு கால எப்படி எடுக்கறாருன்னு பாத்துக்க" என்றார். ஏறினேன். நான்கு பழமும் நசுங்கின. கூட்டம் கை தட்டியது. எதற்குத் தட்டினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த பிஸ்கட் டின்னைத் திறக்காமல் அப்படியே கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டேன். மண்டலம் நாற்பத்து நான்காம் நாளோடு முடிந்தது.

செவ்வாய்க்கிழமை டெஸ்டில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். மேட்டில் ஜம்மென்று ஏறிவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் பார்க்கிங்கில் கம்பத்தை இடித்தேன். பெயில். அதே பெஞ்சில் உட்கார்ந்து, இந்தத் தடவை நானே போன் போட்டேன்.

"அப்பா, நாலாவதும் பெயில்."

"மேடா?"

"மேடு ஏறிட்டேன்ப்பா. பார்க்கிங்."

"மேடு ஏறிட்டாளாம்யா!" என்று அந்தப் பக்கம் யாரிடமோ கத்தினார். அப்புறம், "சரி, சாப்ட்டியா?" என்றார்.

டாக்டரம்மாவிடமும் போய் உண்மையைச் சொன்னேன். "எப்படியாச்சும் ஏழு மணிக்கு வந்துரு, போதும்" என்றார். அடுத்த இரண்டு மாதம் அப்பா ஆலையில் மத்தியான ஷிப்ட் மாற்றி வாங்கிக்கொண்டு, தினமும் விடியற்காலையில் என்னை மோட்டார் சைக்கிளில் குளுவாங்குக்குக் கொண்டுபோய் விட்டார். வீட்டு வாசலில் அந்த வெள்ளைக் கார் சந்தனப் பொட்டோடு சும்மா நின்றது. அப்பா கழுத்தில் காற்றுக்கு அடக்கமாக என் கம்பளி மப்ளர். ஐந்தாவது டெஸ்டில் பாஸ் பண்ணினேன். அன்றைக்கு மளிகைக் கடையில் எனக்கு ஒரு கிலோ சீனி இனாம்.

இதெல்லாம் நடந்து பதினொரு வருடம் ஆகிறது. இப்போது ஜொகூர் பாருவில் இருக்கிறேன். கல்யாணம் ஆகி ஒரு மகளும் இருக்கிறாள். தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குக் காரோட்டிப் போய் வேலை பார்க்கிறேன். சும்மா இருக்க இன்னும் வரவில்லை. போன மாதம் நீச்சல், இந்த மாதம் மண்பானை செய்வது. புதிதாக ஏதாவது ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினால் என் கணவர் சீட்டைப் பிரிப்பது போல் கையை விரித்து, "நீச்சல் இல்லை நாமதேயஸ்ய" என்று பாடுவார். என் மகளுக்கு அது ஏதோ தாலாட்டு என்று எண்ணம். பாலோ கோயிலில் அதே குருக்கள்தான் இருக்கிறார். என்னைக் கண்டால் சீட்டை வாங்கி முதலில் தானே ஒரு தடவை மனதுக்குள் படித்துப் பார்த்துவிட்டு, "பேர் மட்டும்தானே அம்மா?" என்று உறுதி செய்துகொள்வார்.

போன தீபாவளிக்குப் பாலோவில் எல்லோரும் கூடியிருந்தோம். கணவர் வழக்கம் போலக் கதையை ஆரம்பித்தார். கறிபாப் வரைக்கும் வந்து, "ரெண்டு சீட்டும் ஒரே கலரு, இவ பாத்து எடுத்திருக்க வேணாமா?" என்று என்னை வாரினார். நானும் சிரித்தேன். பதினொரு வருடமாக நானே ஒப்புக்கொண்ட முட்டாள்தனம்தானே.

முறுக்கு டப்பாவை மூடிக்கொண்டிருந்த அம்மா, மூடியபடியே சொன்னாள். "அவ சரியாத்தான் எடுத்துக் குடுத்தா."

எல்லோரும் திரும்பினோம்.

"கெளம்பறப்ப நான்தான் டின்னுலேருந்து அந்தச் சீட்ட எடுத்து முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தேன். அவ குடுத்தத விட்டுட்டு தட்டுல அத வச்சேன்."

"அம்மா!" என்றேன். "டின்ன நீ பாத்தியா?"

"மொத நாள்லேர்ந்து தெனம் படிச்சேன். நாடகம் மாதிரி நல்லாத்தான் இருந்துச்சு, நாய் வந்த எடமெல்லாம்." டப்பாவை மூடி அலமாரியில் வைத்தாள். "லைசன்ஸ் இல்லாம இவ எங்க மூணு பேரையும் ஏத்திக்கிட்டு குளுவாங்குக்குப் போயிருப்பா. இவ வாயத் தொறந்து சொல்லுவானு பத்து நாள் பாத்தேன், சொல்லல. நான் சொன்னா ஒங்கப்பா வீட்டையே ரெண்டு பண்ணிருவாரு. சாமி சொன்னா கத்த முடியுமா? ஐயரு பாத்துட்டு நிறுத்தி என்னக் கூப்பிட்டுக் கேப்பாருன்னு நெனச்சேன். அவரு பாட்டுக்கு எல்லாத்தையும் பாடிட்டாரு, நான் என்ன பண்றது? கண்ண மூடிக்கிட்டேன்."

அப்பா அதுவரைக்கும் ஒரு மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். கிளாஸைக் கீழே வைத்தார். முகத்தில் ரத்தம் ஏறுவது தெரிந்தது. பதினொரு வருடத்துக்கு முந்தி கோயில் வாசலில் கத்த வேண்டியதை இப்போது கத்தப் போகிறார் என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். அவரோ அம்மா பக்கம் திரும்பி, குரல் இறங்கிப்போய்க் கேட்டார்.

"வள்ளி, இந்த மாதிரி இன்னும் என்னென்ன இருக்கு?"

"டீ ஆறுது," என்றாள் அம்மா. "குடிங்க."